சிறை இடம்பெயரும்போது மாறும் மூன்று நிலங்கள்

சென்னை மத்திய சிறை 1837-இல் கட்டப்பட்டபோது அந்த இடம் நகரின் ஓரமாக இருந்தது. கோயம்புத்தூர் மத்திய சிறை 1872-இல் எழுந்தபோது அதைச் சுற்றி இன்றைய காந்திபுரத்தின் பேருந்து நிலையமும் கடைவீதியும் கிடையாது. அந்தக் காலத்தில் சிறைக்கு இடம் பார்த்தவர்கள் ஊரைவிட்டுச் சற்றே விலகிய, கிணறு வெட்டினால் தண்ணீர் கிடைக்கிற, பரந்த நிலத்தைத் தேடினார்கள். பிறகு ஊர் வளர்ந்து மதிலைச் சூழ்ந்துகொண்டது. இன்று அந்த நிலங்கள் நகரின் நடுவே, சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் இடங்களில் கிடக்கின்றன. அதனால் மாநில அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முடிவுக்கு வருகின்றன: கைதிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோவது, காலியாகும் நிலத்தை மருத்துவமனைக்கோ பூங்காவுக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுப்பது. சென்னையிலும் பெங்களூரிலும் இது நடந்து முடிந்துவிட்டது. ஹைதராபாத்தின் முஷீராபாத் சிறை நின்ற இடத்தில் 2003 முதல் காந்தி மருத்துவமனை இயங்குகிறது. வாரங்கல் மத்திய சிறை 2021-இல் இடிக்கப்பட்டு, அங்கே 24 மாடி மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கோயம்புத்தூரில் பாதி நடந்திருக்கிறது.

இந்த மாற்றத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் வரலாறு, நில மதிப்பு, நகர வசதி ஆகிய மூன்றைச் சுற்றியே போகிறது. மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன ஆகிறது என்ற கேள்வி வந்தால், பழைய சிறை நின்ற இடத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லப்படுகிறது. அங்கே பூங்கா வந்தால் நல்லது, கட்டடம் வந்தால் அவ்வளவு நல்லதில்லை என்று பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் ஒரு சிறை இடம்பெயரும்போது மூன்று நிலங்கள் மாறுகின்றன. சிறை நின்ற நிலம் ஒன்று. இடிபாட்டை வாங்கிக்கொண்டு, புதுக் கட்டடத்துக்குக் கல்லும் மணலும் கொடுக்கிற நிலம் இரண்டாவது. புதிய சிறை எழும்புகிற நிலம் மூன்றாவது. சேதத்தின் பெரும்பகுதி பின்னிரண்டில் விழுகிறது. மதிப்பீடோ முதல் நிலத்தின் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. திருவண்ணாமலை போன்ற ஊரிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நகரங்களின் கட்டுமானத்துக்குத் தன்னைத் தோண்டிக் கொடுக்கும் மாவட்டம் இது.

சென்னையிலிருந்து தொடங்கலாம். 2006-இல் அந்தச் சிறையின் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். பூட்டிக் கிடந்த வளாகம் 2009-இன் தொடக்கத்தில் சில நாட்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தமானுக்குக் கப்பலேற்றுமுன் கைதிகளை வைத்திருந்த இடம், சுபாஷ் சந்திர போஸும் அண்ணாவும் அடைபட்டிருந்த இடம் என்று மக்கள் வந்து பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் இடிப்பு தொடங்கியது. இன்று அங்கே சென்னை மருத்துவக் கல்லூரியின் புதிய கட்டடங்கள் நிற்கின்றன. 172 ஆண்டுச் சுவர்கள் தூளான அந்த மாதங்களில், இடிபாட்டுக்கென்று தனி விதிமுறை நாட்டில் எதுவும் இல்லை. கட்டுமான, இடிமானக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல்தான் வந்தன. கட்டட வேலையில் எழும் தூசியைக் கட்டுப்படுத்தும் அறிவிப்பு 2018 ஜனவரியில் வந்தது. அரசு பொது மருத்துவமனையின் பக்கத்திலேயே, மூச்சுத்திணறலோடு மக்கள் வந்து படுக்கும் வார்டுகளுக்கு அருகில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சுண்ணாம்புக் காரையும் செங்கல் பொடியும் கிளம்பும் ஒரு வேலை நடந்தது. எத்தனை டன் இடிபாடு வெளியேறியது, எந்தப் பள்ளத்தை நிரப்பியது என்று கணக்குக் கொடுக்கும் கடமையைச் சட்டம் யார்மீதும் சுமத்தியிருக்கவில்லை.

அந்த அளவு எவ்வளவு பெரியது என்பதை ஒரு எளிய கணக்கில் காணலாம். ஆறு மீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் கனமும் உள்ள மதில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அது 3,600 கன மீட்டர் செங்கல் கட்டு. எடை ஏறத்தாழ 6,800 டன். பத்து டன் ஏற்றும் டிப்பர் லாரி 680 முறை போக வேண்டும். இது சுற்றுமதில் மட்டும். உள்ளே இருக்கும் கொட்டடிகளும் தறிக்கூடங்களும் சமையற்கூடமும் காவற்கோபுரமும் இதில் சேரவில்லை. இதை வெறும் குப்பையாக நினைப்பது பெரிய தவறு. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மிருதுவானது. அந்தக் காலச் சுவரைப் பொறுமையாகப் பிரித்தால் காரை உதிர்ந்து, செங்கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்டில் கட்டிய சுவரைப் பிரித்தால் செங்கல்தான் உடையும், சிமெண்ட் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். அதாவது பழைய சிறைகள் மறுபயன்பாட்டுக்கென்றே அமைந்ததுபோன்ற கட்டடங்கள். தமிழ்நாட்டில் வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரர் தேக்கு உத்தரம், ஜன்னல் கம்பி, கதவு நிலை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை வைத்து, வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்து எடுத்துக்கொள்வது வழக்கம். அரசுக் கட்டடத்தை அவசர கதியில் ஜேசிபி வைத்துத் தள்ளும்போது மரமும் இரும்பும் தப்பிவிடுகின்றன. செங்கல் நொறுங்கி ரப்பீஷாகிறது.

இங்கே கரியமில வாயுவின் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். பழைய கட்டடத்தில் பெருமளவு கரி பொதிந்திருக்கிறது, அதை இடித்தால் அது வெளியேறிவிடும் என்று சிலர் எழுதுவதில் தெளிவில்லை. 1837-இல் செங்கல் சூளையிலிருந்து போன புகை போனதுதான். சுவரை இடிப்பதால் அது மறுபடி வெளியேறுவதில்லை, இடிக்காமல் விடுவதால் திரும்பி வருவதும் இல்லை. மிச்சமாகக்கூடியது, அதே இடத்தில் புதிதாகக் கட்டாமல் தவிர்க்கும் கான்கிரீட்டும் இரும்பும். உலகத்தின் கரியமில வாயு வெளியீட்டில் சிமெண்ட் மட்டுமே 7 முதல் 8 சதவீதம். கான்கிரீட் கட்டடம் ஒன்றை எழுப்ப, சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை கரியமில வாயு வெளியேறுவதாகப் பொதுவாகக் கணக்கிடுவார்கள். 20,000 சதுர மீட்டர் கட்டடம் என்றால் ஒரு விளக்குக்கூட எரியுமுன் 6,000 முதல் 10,000 டன். அமெரிக்காவின் தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை சார்பில் வெளிவந்த ஆய்வொன்று, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் புதுக் கட்டடம்கூட, தன்னைக் கட்டியதால் உண்டான தீங்கை ஈடுகட்டக் கட்டட வகையைப் பொறுத்து 10 முதல் 80 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் என்று கண்டது. நம் ஊரில் அரசுக் கட்டடங்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பழுதென்று அறிவிக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கடன் பல சமயம் அடைபடாமலேயே அடுத்த இடிப்பு வந்துவிடுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு இடம் வேண்டும். பத்தடிக்கு எட்டடிக் கொட்டடியில் அறுவைச் சிகிச்சைக் கூடம் வைக்க முடியுமா? முடியாது. தடித்த சுவர், எட்டாத உயரத்தில் சிறு ஜன்னல், நெருக்கமான அறைகள் ஆகிய எல்லாமே மனிதரை அடக்கி வைப்பதற்கென்று அமைந்தவை. அவற்றை மருத்துவ வார்டாக மாற்றினால் நோயாளிக்கும் கேடு, செலவும் மிகுதி. சென்னையில் பொது மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பக்கத்திலேயே கிடைத்த நிலத்தை அவற்றுக்குக் கொடுத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ரயிலும் பேருந்தும் வந்து சேரும் இடத்தில் மருத்துவமனை விரிவது, ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் புதிய வளாகம் எழுவதைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது. பிழை, மொத்தத்தையும் ஒரே மூச்சில் துடைத்ததில் இருக்கிறது. சிறைக்குள் எல்லாமே கொட்டடி கிடையாது. தறிக்கூடம், பண்டகசாலை, நிர்வாகக் கட்டடம் போன்ற நீண்ட, உயர்ந்த கூடங்கள் உண்டு. வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அவை பொருந்தும். வட சென்னையில் பழைய சிறைச்சாலை சாலை என்றே பெயர் பெற்ற தெருவில், முன்பு சிறையாக இருந்த வளாகத்தில் பாரதி மகளிர் கல்லூரி இயங்கி வருகிறது. ஸ்டாக்ஹோமின் லாங்ஹோல்மன் சிறை 1975-இல் மூடப்பட்டு 1989-இல் விடுதியானது. பாஸ்டனின் சார்லஸ் தெருச் சிறை 2007-இல் விடுதியாகத் திறந்தது. கொட்டடிகூடத் தங்கும் அறையாகலாம் என்பதற்கு இவை சான்று. எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று கூடம் கூடமாகப் பார்த்து முடிவெடுக்கும் வேலையைத்தான் மதிப்பீடு என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது நிலம் இங்கே வருகிறது. சென்னையின் கட்டுமானத்துக்குப் பல ஆண்டுகள் பாலாறும் செய்யாறும் மணல் கொடுத்தன. ஆற்று மணல் அருகிய பிறகு எம்-சாண்ட் வந்தது. கருங்கல்லை உடைத்து அரைத்து எடுக்கும் அந்த மணலும் ஜல்லியும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை மாவட்டங்களின் குவாரிகளிலிருந்தும் கிரஷர்களிலிருந்தும் போகின்றன. தலைநகரில் ஒரு பழைய கட்டடம் தேவையில்லாமல் முழுதாக இடிபட்டால், அதன் விலையில் ஒரு பகுதியை வந்தவாசிப் பக்கத்தில் ஒரு குன்று கொடுக்கிறது. குவாரியின் வெடி அதிர்வில் கிணறு வறள்வதாகச் சொல்லும் உழவரும், பயிர்மேல் வெள்ளையாகப் படியும் தூசியைக் காட்டும் பெண்களும் நகரத்துச் சிறை நிலத்தைப் பற்றிய எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் அழைக்கப்படுவதில்லை. அவர்களுக்கும் அந்த இடிப்புக்கும் இடையே உள்ள தொடர்பைக் காட்டும் ஒரு வரிகூட மதிப்பீட்டுப் படிவத்தில் இல்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டையும் இதுதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு முன் அனுமதி கேட்கிறது. கேள்விகள் எல்லாம் வரப்போகும் கட்டடத்தைப் பற்றியவை: எவ்வளவு தண்ணீர் எடுக்கும், கழிவுநீர் எங்கே போகும், வாகனம் எத்தனை வரும். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை வைத்துக்கொண்டால் என்ன என்ற மாற்றுவழி அங்கே ஒரு கேள்வியாகவே எழுவதில்லை. 2014-இல் பள்ளி, கல்லூரி, விடுதிக் கட்டடங்களுக்கு அந்த அனுமதியிலிருந்தும் விலக்குத் தரப்பட்டது. அப்படிப்பட்ட விலக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கல்வி நிலையம் என்பதாலேயே ஒரு கட்டடம் மண்ணைத் தொடாமல் நின்றுவிடாது என்ற அந்த நிலைப்பாடு, சிறை நிலங்களைக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் கொடுக்கும் திட்டங்களுக்கும் பொருந்தும். இடிபாட்டு விதிகள் ஓரளவு உதவுகின்றன. ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்குகிறவர் கான்கிரீட், மண், மரமும் இரும்பும், செங்கல்லும் காரையும் என்று பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றது 2016-ஆம் ஆண்டு விதி. பிரித்த பிறகு செங்கல்லை முழுசாக மறுபடி பயன்படுத்துவதா, அரைத்துப் பொடியாக்குவதா என்பதில் அதற்கு அக்கறை குறைவாக இருந்தது. அரைப்பதற்கும் மின்சாரம் வேண்டும், புதுச் செங்கல்லுக்கு மறுபடி சூளை மூட்ட வேண்டும்.

பூங்காவாக மாற்றிவிட்டால் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்ததா? பெங்களூரில் 1860-களின் மத்திய சிறை 2000-இல் பரப்பன அக்ரஹாரத்துக்கு இடம்பெயர்ந்தது. நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயும் அத்வானியும் இருந்த அந்த இடம், 2008 நவம்பரில் சுதந்திரப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. காவற்கோபுரத்தையும் சில கொட்டடிகளையும் மரங்களையும் வைத்துக்கொண்டு அமைத்த பூங்கா என்பதால், கிட்டத்தட்ட எல்லா வகையிலும் பாராட்டத்தக்க மாற்றம் அது. கோயம்புத்தூரில் செம்மொழிப் பூங்கா 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது அறிவிக்கப்பட்டு, சிறை வளாகத்தின் 45 ஏக்கரில் 208.50 கோடி ரூபாய் செலவில் அமைந்து, 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. நெரிசல் மிகுந்த காந்திபுரத்தில் வணிக வளாகம் வராமல் பூங்கா வந்தது பெரிய நன்மை. இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் பூங்கா என்ற பெயர் தானாகவே தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிடாது. கோவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 45 ஏக்கரில் விழும் மழை கிட்டத்தட்ட 12 கோடி லிட்டர். அதில் எவ்வளவு நிலத்தடிக்குப் போகும் என்பதை நடைபாதை, அரங்கம், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றின் பரப்பு தீர்மானிக்கிறது. இருபத்து மூன்று வகைத் தோட்டங்களுக்குக் கோடையில் எவ்வளவு நீர் பாய்ச்ச வேண்டும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். வருகிறவர் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் புல்தரையைவிட, ஒரு காலத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த சிறை மைதானத்தின் வேம்பும் புதரும் குறைந்த தண்ணீரில் நிறையப் பறவைகளை வாழவைத்திருக்கக்கூடும். எத்தனை லிட்டர் உள்ளே போகிறது, எத்தனை லிட்டர் குழாயில் வருகிறது என்று ஆண்டுதோறும் அளந்து வெளியிடுவது ஒன்றே இந்த ஐயத்தைத் தீர்க்கும்.

மரங்களைப் பற்றிப் பேசும்போது, வெட்டுகிற ஒவ்வொன்றுக்கும் பத்துக் கன்று நடுவோம் என்ற வாக்குறுதி உடனே வரும். திருவண்ணாமலையின் ரமணாசிரமம் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த வாக்குறுதியின் எடை நன்றாகத் தெரியும். மொட்டையாகக் கிடந்த அருணாசல மலையின் சரிவுகளில் மரம் வளர்க்கும் முயற்சி 1980-களின் இறுதியில் முனைப்பாகத் தொடங்கியது. கன்றுகளைத் தலையில் சுமந்து மேலே ஏற்றி, கோடையில் தண்ணீர் தூக்கி, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, ஆட்டிலிருந்தும் விறகு வெட்டிலிருந்தும் காத்து, எரிந்துபோன இடத்தில் மறுபடி நட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் இன்று காணும் பசுமை வந்திருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்கே புகை எழுகிறதா என்று இன்னும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, பூட்டிய மதிலுக்குள் நூறாண்டுகள் கோடரி படாமல் நின்ற ஒரு மரத்துக்கு ஈடாக, நெடுஞ்சாலை ஓரத்தில் பத்துக் கன்றை நட்டுவிட்டுக் கணக்கை முடிப்பது சரியான கணக்காகாது. நிழலும் பொந்தும் வேரின் ஆழமும் கன்றில் இல்லை. அவை வர வேண்டிய ஆண்டுகளில் அந்த இடம் வெயிலில்தான் கிடக்கும். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதும் சில இனங்களுக்குத்தான் ஒத்துவரும். சிறை வளாகத்தின் திட்ட வரைபடம் மரங்களைக் குறித்த பிறகே வரையப்பட வேண்டும். கட்டடத்தை வரைந்துவிட்டு மரத்தைத் தேடுவதில் பயனில்லை.

மண்ணைப் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது, அதிகம் பேசப்படாததும்கூட. சிறை என்பது அடைக்கும் இடம் மட்டும் இல்லை, ஒரு தொழிற்கூடமும்கூட. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததை நாடே அறியும். பிற்காலத்தில் அங்கே தறி ஓடியது. வேலூர் சிறையில் காலணி தைத்தார்கள். நெசவு என்றால் சாயம், தோல் என்றால் பதனிடும் வேதிப்பொருள், உலோக வேலை என்றால் எண்ணெயும் பூச்சும். பல பத்தாண்டுகள் இவற்றைக் கையாண்ட இடத்தில் மண் எப்படி இருக்கும் என்று தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலின் குரோமியம் மண்ணிலும் நீரிலும் என்ன செய்தது என்பதைக் கண்ட மாவட்டங்கள் இவை. இங்கே இந்த எச்சரிக்கை மிகையாகாது. இவற்றோடு, பிற்காலத்தில் வேய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளும் உண்டு. அவற்றைச் சுத்தியலால் உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் பறந்து, இடிப்பவரின் நுரையீரலில் தங்கும். கம்பியிலும் கதவிலும் ஆண்டுக்கு ஒருமுறை அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் நூறாண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய கழிப்பிடங்களின் குழிகளும் கீழே இருக்கின்றன. குழந்தைகள் மண்ணில் விளையாடப்போகும் பூங்காவானாலும், நோயாளிகள் தங்கப்போகும் மருத்துவமனையானாலும், மண் மாதிரியும் கிணற்று நீர் மாதிரியும் எடுத்துப் பார்க்காமல் நிலத்தைக் கைமாற்றுவது பொறுப்பான செயல் ஆகாது. தொழிற்சாலை மூடப்பட்டால் இந்தக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. சிறை என்றால் தோன்றுவதில்லை.

மூன்றாவது நிலம் புதிய சிறை எழும் இடம். அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. புழல் சிறை 200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி உள்ள அதே வட்டாரத்தில் அமைந்தது. கோவையின் புதிய சிறைக்கு நகருக்கு வடக்கே பிளிச்சியில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கொல்கத்தாவின் அலிப்பூர் சிறை பாருய்ப்பூருக்குப் போனது. இலங்கையில் 1876-இல் கட்டிய கண்டி போகம்பரைச் சிறையை மூடியபோது கைதிகள் பல்லேகலைக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லா ஊரிலும் போக்கு ஒன்றுதான்: நகரின் நடுவே ஒரு நிலம் விடுபடுகிறது, புறத்தே வேறொரு நிலம் மதிலுக்குள் போகிறது. மூவாயிரம் பேர் வாழும் சிறைக்கு, ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவில் நாளொன்றுக்கு 4 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதில் 3 லட்சம் லிட்டருக்கு மேல் கழிவுநீராக வெளிவரும். நகரில் அது பாதாளச் சாக்கடையோடு சேர்ந்துவிடும். புறநகரில் ஆழ்துளைக் கிணறும் தனிச் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். அந்த நிலையம் ஒழுங்காக ஓடவில்லை என்றால் அடுத்த கிராமத்தின் ஏரி அதை வாங்கிக்கொள்ளும். பயணமும் கணக்கில் சேர வேண்டும். பழைய சென்னைச் சிறைக்கு உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம். புழலிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் காவல் வேன் நகரத்தைக் கடந்து வர வேண்டும். காணொலி விசாரணை இதைக் குறைத்திருக்கிறது. மனு கொடுத்துப் பார்க்க வரும் தாயின், மனைவியின் பேருந்துப் பயணத்தை அது குறைக்கவில்லை.

இடம் மாற்றுவது கைதிகளின் நலனுக்குத்தானே என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுப் பழைய கொட்டடியில், அளவுக்கு மீறிய நெரிசலில், காற்றோட்டமின்றி மனிதரை வைத்திருப்பது தவறு. மரபுக் கட்டடத்தைக் காப்பதற்காக அந்தத் துன்பத்தை நீட்டிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே நியாயத்தைக் கடைசிவரை கொண்டுபோனால், புதிய சிறையின் சுற்றுச்சூழலை மதிப்பிடுவது இன்னும் அவசியமாகிறது. அங்கே வாழப்போகிறவர்கள் தண்ணீர் சரியில்லை என்றால் வீடு மாற முடியாதவர்கள். மின்விசிறி நின்றால் வாசலில் போய் உட்கார முடியாதவர்கள். அவர்களில் பெரும்பாலோர் குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். கான்கிரீட் பெட்டியாகக் கட்டிய புதுக் கொட்டடி, தடித்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழையதைவிடச் சித்திரை வெயிலில் அதிகம் தகிக்கலாம். மரம் இல்லாத சமவெளியில் புதிய சிறையைக் கட்டிவிட்டு, அவர்கள் விட்டுப்போன மரநிழலில் மற்றவர்கள் நடைப்பயிற்சி செய்வதை முழு வெற்றியாக எழுதுவது மனசாட்சிக்கு ஒவ்வாது.

கொடுமை நடந்த இடத்தை ஏன் காக்க வேண்டும், தரைமட்டமாக்குவதே விடுதலை என்று சொல்பவர்களும் உண்டு. அந்த உணர்ச்சியை மதிக்க வேண்டும். கோலாலம்பூரில் 1890-களில் கட்டிய புடு சிறை 2010 முதல் கட்டங்கட்டமாக இடிக்கப்பட்டது. இன்று அங்கே வணிக வளாகம். சிங்கப்பூரின் சாங்கி சிறை 2004-இல் இடிக்கப்பட்டபோது வாயிலும் 180 மீட்டர் மதிலும் மட்டும் விடப்பட்டன. மாறாக அலிப்பூரில் கட்டடங்களை வைத்துக்கொண்டு 2022-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகள் தூக்குமேடையை நேரில் பார்க்கிறார்கள். கொடுமையின் நினைவு கட்டடத்தோடு அழிந்துவிடும் என்று நம்ப இடமில்லை, அழிவது சாட்சியம்தான். மண்ணின் நலமும் நினைவின் நலமும் இங்கே ஒரே திசையில் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சுவரை வைத்துக்கொள்வது இரண்டுக்கும் உதவுகிறது.

பெரிய சிறைகளோடு இந்தக் கேள்வி முடிவதில்லை. 1989-இல் தனி மாவட்டமாகும் வரை திருவண்ணாமலை வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. தொரப்பாடியில் உள்ள வேலூர் மத்திய சிறைதான் இந்த மண்ணுக்கும் சிறை. 1921-22-இல் ராஜாஜி அடைபட்டு நாட்குறிப்பு எழுதிய அந்த வளாகம் இன்றும் சிறையாகவே இயங்குகிறது. அதுவும் ஊரின் நடுவே வந்துவிட்டது. ஒருநாள் அதற்கும் இடமாற்றப் பேச்சு எழக்கூடும். அதைவிட அருகில், வட்டத் தலைநகர்களில் தாலுகா அலுவலகத்தையும் கருவூலத்தையும் ஒட்டிக் கட்டிய கிளைச்சிறைகள் இருக்கின்றன. சில சென்ட் நிலத்தில் நிற்கும் இந்தச் சிறு கட்டடங்களை இடித்தால் 20,000 சதுர மீட்டர் வரம்பு வராது. எந்த மதிப்பீட்டுப் படிவமும் நிரப்பாமல் ஒரே வாரத்தில் மறைந்துவிடும். திருவண்ணாமலையில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. செங்கம் சாலையிலும் ரமணாசிரமத்தைச் சுற்றியும் விடுதிகளும் அடுக்ககங்களும் பெருகிவிட்டன. மலையிலிருந்து இறங்கும் மழைநீருக்கு ஏரிகளை நோக்கி ஓட வழி குறைந்துகொண்டே வருகிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஐவர் பிள்ளைகள். சரிவும் ஓடையும் உள்ள இப்படிப்பட்ட ஊரில் இடிபாட்டை எந்த ஓடையில் கொட்டுகிறார்கள் என்பது உயிரோடு தொடர்புள்ள கேள்வி. அரசுக்குச் சொந்தமான பழைய கட்டட வளாகங்கள் ஒவ்வொன்றும், மழையை உள்வாங்க ஊருக்குள் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் சேரும்.

இவ்வளவும் பார்த்தால் திட்டம் தாமதமாகும், செலவு கூடும் என்பது கடைசி ஆட்சேபம். சென்னையில் கைதிகள் வெளியேறியதற்கும் இடிப்பு தொடங்கியதற்கும் இடையே மூன்று ஆண்டுகள் சும்மா கழிந்தன. செம்மொழிப் பூங்கா அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள். மரங்களை எண்ண, மண்ணைச் சோதிக்க, சுவர்களை அளக்க, எந்தக் கூடம் எதற்கு உதவும் என்று பொறியாளர் ஒருவர் நடந்து பார்க்க அதில் ஒரு ஆண்டுகூடத் தேவைப்பட்டிருக்காது. கோவையில் இன்னும் நேரம் இருக்கிறது. ஏறத்தாழ 165 ஏக்கர் வளாகத்தில் பூங்காவுக்குப் போனது 45 ஏக்கர். மீதியில் சிறை நடந்துகொண்டிருக்கிறது. கைதிகள் பிளிச்சிக்குப் போகும் நாளுக்கு முன்பே அந்த மீதி நிலத்தின் மரப் பட்டியலும், கிணறுகளின் நீர்ச் சோதனையும், தறிக்கூடத்துத் தரையடி மண்ணின் சோதனையும், இடிபடும் சுவரின் கன அளவும், அந்தச் செங்கல் போகும் இடமும் ஒரே அறிக்கையில் பொதுமக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பிளிச்சியின் நிலத்தடி நீரும் அதே அறிக்கையில் இடம்பெற வேண்டும், பிளிச்சிக்காரர்களையும் கேட்டுவிட்டு.